சிறு கல்லூரியின் பெருவெற்றி

இலங்கையிலே பெண்கள் பாடசாலை ஒன்றின் முற்றத்தில், உச்சியில் இரும்பு வளையம் பொருத்திய இரு கம்பங்கள் நிற்பதைக் காணாத நேயர் இரார். மாலை வேளைகளில் அக்கம்பங்களின் கீழ் மாணவியர் வலைப்பந்தாட்டம் ஆடுவர். அவ்வாட்டத்திலே பந்தைப் பிடித்தவள் அதனைக் கொண்டு ஓடுதல் கூடாது. தனக்கென வகுக்கப்பட்ட எல்லையைக் கடந்து செல்லுதலும் கூடாது. ஏன் கூடாது என்று ஆடுவோர் கேட்பதில்லை, ஆட்டுவிப்போரும் சொல்வதில்லை. ஆனால், எல்லை கடத்தல் 'கூடாது' என்னும் அவ்விதிக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கூடைப்பந்தாட்டம் ஆடிய பெண்களுக்காக அது விதிக்கப்பட்டது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்நாட்டுக் கல்லூரிப் பெண்கள் அதற்கு அடங்கியே ஆடினர். 1971ஆம் ஆண்டிலே அத்தடை நீங்கிற்று. நீங்கிய மறு பருவத்திலேயே, பணமும் இல்லாது, நல்ல ஆடுகளமும் இல்லாது, பென்சில்வேனியா மாநிலத்துச் சிறிய மகளிர் கல்லூரி ஒன்று அந்நாட்டின் முதன்மை அணியாகி உலகை வியக்க வைத்தது. இமாக்குலேற்றா என்பது அக்கல்லூரியின் பெயர். 'மாசற்றவள்' என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள்.

கதையைத் தொடக்கத்திலிருந்தே கூறுதல் நன்று. 1891ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே, மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் மண்டபத்துள் அடைபட்டுக் கிடந்த இளைஞருக்காக இவ்விளையாட்டை வகுத்தார். பீச்சுப் பழம் நிறைத்து விற்கும் கூடைகள் இரண்டை மேல்மாடத்து விளிம்பிலே ஆணியால் அறைந்து, அவற்றினுள் பந்தை எறியச் செய்தார். அவ்வளவே. அந்நகருக்கு அண்மையிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியிலே உடற்பயிற்சி ஆசிரியையாக அமர்ந்திருந்த சென்டா பெரன்சன் என்னும் அம்மையார், சில மாதங்களுள்ளேயே அவ்வாட்டத்தைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் நாள் முதல் வகுப்பு மாணவியரும் இரண்டாம் வகுப்பு மாணவியரும் அங்கே போட்டியிட்டனர். ஆடவர் எவரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை.

பெரன்சன் அம்மையார் ஆட்டத்தைக் கற்பித்தாரேயன்றி, அதனை அப்படியே கற்பிக்கவில்லை. ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகக் கோடிட்டுப் பிரித்தார். ஒவ்வொருத்தியும் தன் பகுதிக்குள்ளேயே நிற்றல் வேண்டும். மற்றவள் கையிலிருந்து பந்தைப் பறித்தல் ஆகாது. மூன்று விநாடிக்கு மேல் அதனை வைத்திருத்தல் ஆகாது. ஓட்டம் மிகுந்தால் பெண்களின் இருதயம் தாங்காது, நரம்புகள் தளரும் என்று அக்காலத்து வைத்தியர் பலரும் நம்பினர். முரட்டுத்தனம் பெண்மைக்கு இழுக்கு என்று பெற்றோர் அஞ்சினர். இந்த விதிகள் இன்று நகைப்புக்கு இடமாகலாம். எனினும், அம்மையாரைக் குறைகூறுமுன் ஒன்றை நினைத்தல் வேண்டும். இவ்விதிகள் இல்லாதிருந்தால், அன்றைய பெற்றோர் தம் புதல்வியரை அம்மண்டபத்தினுள் விட்டிருக்கவே மாட்டார்கள். வேலி போட்டுத் தந்த தோட்டமாயினும் அது தோட்டமே.

இவ்வாட்டத்தின் ஒரு கிளை 1890களிலே இங்கிலாந்து சென்றது. அங்கே மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரியிலே உருமாறி, கூடைக்கு வளையமும் வலையும் பெற்று, 1901ஆம் ஆண்டிலே தனக்கென விதிகளும் பெற்று, வலைப்பந்தாட்டம் ஆயிற்று. குடியேற்ற ஆட்சியின் வழியே இலங்கைப் பாடசாலைகளுக்கும் அதுவே வந்து சேர்ந்தது. எல்லைக் கோடுகள் அதிலே இன்னும் நிலைத்திருக்கின்றன. அக்கோடுகளுக்குள் நின்றே 2018ஆம் ஆண்டு சிங்கப்பூரில் இலங்கை மகளிர் ஆசியக் கிண்ணத்தை வென்றனர் என்பதையும், அவ்வணியிலே யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் கம்பத்தின் கீழ் நின்று எறிந்த பந்துகளையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு விதி எக்காரணத்தால் பிறந்தது என்பது வேறு. அவ்விதிக்குள் நின்று மனிதர் எய்தும் திறமை வேறு.

அமெரிக்காவிலே, மற்றக் கிளை வேறு விதமாக வளர்ந்தது. 1896ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 4ஆம் நாள் கலிபோர்ணியாவில் ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலை மகளிரும் பேர்க்லி சர்வகலாசாலை மகளிரும் மோதினர். கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையே பெண்கள் ஆடிய முதற் போட்டி அதுவேயாகும். இரண்டுக்கு ஒன்று என்ற புள்ளிக் கணக்கில் ஸ்ரான்போர்ட் வென்றது. இவ்வாறான போட்டிகள் பெருகியிருக்கலாம். ஆனால், பெண்கல்வியில் அக்கறை கொண்ட அம்மையார்களே அதனைத் தடுத்தனர். 1923ஆம் ஆண்டிலே, பின்னாளில் ஜனாதிபதியாகிய ஹூவரின் மனைவியார் லூ ஹென்றி ஹூவரின் முயற்சியால் மகளிர் விளையாட்டுப் பிரிவு ஒன்று அமைந்தது. சிலர் மட்டும் வெல்ல மற்றோர் பார்த்திருத்தல் தகாது, எல்லாப் பெண்களும் ஆடல் வேண்டும், வெற்றி வெறியும் நுழைவுச்சீட்டு வாணிகமும் கல்லூரிக்குள் புகுதல் ஆகாது என்பன அதன் கொள்கைகள். ஆதலின், கல்லூரிப் போட்டிகளுக்குப் பதிலாக 'விளையாட்டு நாள்' என ஒன்று வழக்கத்துக்கு வந்தது. பல கல்லூரி மாணவியரைக் கலந்து அணிகளாக்கி ஆட விடுவர். எந்தக் கல்லூரியும் எந்தக் கல்லூரியையும் வென்றதாகாது. ஆட்டம் முடிந்ததும் சிற்றுண்டி அருந்திக் கலைந்து செல்வர். இக்கொள்கையில் நன்மை இல்லை என்று சொல்ல இயலாது. பாடசாலையின் பெயருக்காகப் பத்துப் பேரை மட்டும் ஆட்டிவைத்து, எஞ்சிய ஐந்நூறு பேரை வேலியோரத்தில் நிறுத்தும் வழக்கம் எங்கும் உண்டு. ஆயினும், தன் ஆற்றலின் எல்லையைக் காண விரும்பிய ஒரு பெண்ணுக்கு, நாற்பது ஆண்டுக்காலம் கிடைத்தது அந்தச் சிற்றுண்டியே.

இந்நிலையை மாற்ற முற்பட்டவருள் ஒருவர் கரோல் எக்மன். பென்சில்வேனியாவிலே பிலடெல்பியா நகருக்கு மேற்கே வெஸ்ற் செஸ்ரர் என்னும் ஊரில், உடற்கல்வி ஆசிரியைகளைப் பயிற்றுவதிலே பெயர்பெற்ற மாநிலக் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே பயிற்றுநராயிருந்த எக்மன் அம்மையார், 1969ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பதினாறு கல்லூரி அணிகளை அழைத்து, நாடளாவிய மகளிர் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியை நடத்தினார். கல்லூரி மகளிர்க்கு அத்தகைய போட்டி அதுவே முதலாவது. வெஸ்ற் செஸ்ரர் வென்றது. அடுத்த இரு ஆண்டுகளிலும் அவ்வணி இறுதியாட்டம் வரை சென்று, முதலிற் கலிபோர்ணியாவின் புல்லேர்ட்டன் அணியிடமும், பின்னர் மிசிசிப்பி மகளிர் கல்லூரியிடமும், மிகச் சில புள்ளிகளாலே தோற்றது. இதே காலத்தில் விதிகளும் நெகிழ்ந்து வந்தன. அணிக்கு அறுவர், அவருட் சிலருக்கு மட்டுமே களம் முழுதும் செல்லும் உரிமை என்று இருந்த முறை ஒழிந்தது. 1971ஆம் ஆண்டிலே ஐவர் ஆடும் முழுக்கள ஆட்டம் பெண்களுக்கும் உரித்தாயிற்று. அவ்வாண்டிலேயே கல்லூரி மகளிர் விளையாட்டுச் சங்கமும் தன் பணியைத் தொடங்கி, எக்மன் தொடக்கிய சுற்றுப்போட்டியைப் பொறுப்பேற்றது. அச்சங்கத்தை ஆண்டோர் பெண்களே. அதன் முதற் சுற்றுப்போட்டி 1972ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்கு என்று குறிக்கப்பட்டது.

வெஸ்ற் செஸ்ரர் ஊரிலிருந்து பத்து மைல் தொலைவுக்குள், ஒரு குன்றின்மேல் அமைந்தது இமாக்குலேற்றா. மரியாளின் மாசற்ற இருதயத்து ஊழியச் சகோதரியர் எனப்படும் கன்னியாஸ்திரிகள் 1920ஆம் ஆண்டிலே தொடக்கிய கத்தோலிக்க மகளிர் கல்லூரி அது. மாணவியர் தொகை சில நூறே. பெரும்பாலோர் பிலடெல்பியாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களின் புதல்வியர். அக்கல்லூரிக்கிருந்த விளையாட்டு மண்டபமும் 1967ஆம் ஆண்டிலே தீயில் வெந்து போயிற்று. அதன்பின் அணியினர் பயிற்சி பெற்றது, கன்னியர் மடத்துக் கட்டடத்தின் நிலவறையிலே. பிரார்த்தனைக்கும் மௌனத்துக்கும் பெயர்போன அந்த வீட்டின் அடித்தளத்திலே பந்து துள்ளும் ஓசை எழுந்தது.

1970ஆம் ஆண்டிலே அவ்வணிக்குப் பயிற்றுநராக வந்தவர் கேதி ரஷ் என்னும் இருபத்துமூன்று வயதுப் பெண். வெஸ்ற் செஸ்ரர் கல்லூரியிலேயே கற்றுத் தேறியவர். அவருடைய கணவர் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்திலே நடுவராயிருந்தவர். ஒரு பருவம் முழுவதற்கும் அவருக்குக் கல்லூரி வழங்கிய ஊதியம் 450 டொலர். அத்தொகை இப்பேச்சின் பிற்பகுதியிலும் வரும். நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. ஆண்களின் ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்து வந்த ரஷ், அதன் நுட்பங்களைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். களம் முழுவதும் எதிரியை நெருக்கித் தடுத்தல், பந்து கிடைத்த மாத்திரத்தே எதிர்ப்பக்கம் பாய்ந்து செல்லுதல் ஆகியன பழைய கோடுகள் இருந்த காலத்திலே நினைக்கவும் இயலாதவை. கோடுகள் அழிந்த முதற்பொழுதிலேயே, அவ்வெளியை எவ்வாறு பயன்கொள்வது என்று அறிந்தவர் அவர். முதற் பருவத்திலே பன்னிரண்டு ஆட்டங்களிற் பத்தை வென்றார்.

இவ்வெற்றியை அற்புதம் என்று கூறுவோர் பலர். கன்னியர் மடம், எரிந்த மண்டபம், எளிய மாணவியர் எனக் கதை அமைந்துவிட்டால், அற்புதம் என்னும் சொல் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். வரலாறு அவ்வளவில் அமைதல் தகாது. பிலடெல்பியாவின் கத்தோலிக்கப் பங்குகளிலும் பாடசாலைகளிலும் சிறுமியர்க்கான கூடைப்பந்தாட்டப் போட்டிகள் நீண்ட காலமாகவே நடைபெற்று வந்தன. கல்லூரிகளிலே விளையாட்டு நாளும் சிற்றுண்டியுமாய் இருந்த காலத்தில், அந்நகரத்துப் பங்கு மண்டபங்களிலே சிறுமியர் வெற்றிக்காகவே ஆடினர். கூட்டமும் கூடிற்று. இமாக்குலேற்றாவுக்கு வந்த மாணவியர் பத்து வயதிலிருந்தே பந்தோடு பழகியவர்கள். நல்ல நிலத்திலே விதை ஏற்கெனவே விழுந்திருந்தது. நீர் பாய்ச்ச ஒருவர் வந்தார்.

அவ்வணியின் நடுநாயகம் தெரேசா ஷாங்க். உயரமும் விரைவும் ஒருங்கே வாய்ந்தவர். தொலைவிலுள்ள வேறொரு கல்லூரிக்குச் செல்ல எண்ணியிருந்த அவர், குடும்பத்தின் வீடு தீக்கிரையானதால், வீட்டாரைப் பிரியாது அண்மையிலேயே கற்க முடிவு செய்து இமாக்குலேற்றாவுக்கு வந்தார். மண்டபத்தைத் தீயிலிழந்த கல்லூரியும் வீட்டைத் தீயிலிழந்த மாணவியும் இவ்வாறு ஒன்று சேர்ந்தது புனைகதையில் வந்தால் எவரும் நம்பார்.

1971-72ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கிற்று. கம்பளித் துணியாலாய மடிப்புப் பாவாடைச் சட்டை அணிந்தே அணியினர் ஆடினர். அக்காலத்து மடத்துப் பாடசாலைகளை நினைவுறுத்தும் உடை அது. ஆட்டத்துக்கு ஆட்டம் வெற்றி வந்தது. பார்வையாளர் வரிசையிலே வெண்முக்காடும் கருமுக்காடும் அணிந்த கன்னியாஸ்திரிகள் வந்தமர்ந்தனர். அவர்களோடு பெற்றோரும் வந்தனர். ரெனி மூத் என்னும் ஆட்டக்காரியின் தந்தையார் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அவர் தம் கடையிலிருந்து தகர வாளிகளையும் தடிகளையும் கொண்டுவந்து ஆதரவாளர் கையிற் கொடுத்தார். அன்றுமுதல் இமாக்குலேற்றா ஆடும் மண்டபமெங்கும் வாளிப் பறை முழங்கிற்று. முதிய சகோதரியரும் அதனை விடவில்லை. மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு உறங்கும் வாழ்வு வாழ்ந்த அவர்கள், அந்தப் பறையொலியிலே எத்துணை மகிழ்ச்சி கண்டிருப்பர்!

தோல்வியே அறியாது வந்த அணிக்கு, பருவ இறுதியிலே பிராந்தியப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் பேரிடி காத்திருந்தது. எதிரணி வெஸ்ற் செஸ்ரர். புள்ளிகள் 70க்கு 38. முப்பத்திரண்டு புள்ளி வேறுபாடு என்பது தோல்வியன்று, துடைத்தெறிதல். எனினும், பிராந்தியத்தில் இரண்டாம் இடம் பெற்றமையால் நாடளாவிய சுற்றுப்போட்டிக்குச் செல்லும் தகுதி இமாக்குலேற்றாவுக்குக் கிட்டிற்று. பதினாறு அணிகளின் தரவரிசையிலே அதற்குக் கிடைத்த இடம் பதினைந்தாவது.

தகுதி கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. போட்டி நடைபெறவிருந்தது, ஏறத்தாழ எழுநூறு மைலுக்கு அப்பால், இல்லினோய் மாநிலத்து நோர்மல் என்னும் ஊரில். விளையாட்டுக்கென்று கல்லூரியிலே நிதி எதுவும் இல்லை. மாணவியர் வீடுவீடாகப் பற்தூரிகை விற்றனர். கல்லூரித் தலைவியாயிருந்த சகோதரி தமக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் உதவி வேண்டினார். இவ்வளவும் செய்தும், அணியினர் அனைவரையும் அனுப்பப் பணம் போதவில்லை. எண்மரை மட்டும் தெரிவு செய்து, ஏனையோரை விட்டுச் செல்ல நேர்ந்தது. வரலாற்று நூல்கள் சென்ற எண்மரையே போற்றுகின்றன. பற்தூரிகை விற்றுவிட்டு வீட்டிலே தங்கியவர்களும் அவ்வணியின் உறுப்பினரே. விமானத்திலும் உறுதியான இருக்கை இல்லை. பயணிகள் ஏறியபின் வெற்றிடம் இருந்தால் மட்டும் ஏறலாம் என்னும் மலிவுச் சீட்டிலேயே அவர்கள் புறப்பட்டனர்.

மார்ச் மாதம் 16ஆம் நாள் தொடங்கிய போட்டியிலே, முதலாட்டத்தில் தென் டகோட்டா மாநில அணியை 60க்கு 47 என இமாக்குலேற்றா வென்றது. அடுத்து வந்தது இந்தியானா மாநில அணி. 49க்கு 47, இரண்டே புள்ளிகள். அரையிறுதியிலே எதிர்ப்பட்டவர், முந்தைய ஆண்டு கிண்ணம் வென்ற மிசிசிப்பி மகளிர் கல்லூரியார். 46க்கு 43. எண்மரே வந்திருந்தமையால் ஓய்வு கொடுத்து மாற்றி ஆட வழி மிகக் குறைவு. களைத்தவளே மீண்டும் ஓடல் வேண்டும். பெண்களின் இருதயம் தாங்காது என்று எண்பது ஆண்டுக்கு முன் உரைத்த வைத்தியர்களுக்கு அந்நான்கு நாள்களினும் மேலான மறுமொழி கிடைத்திருக்காது.

மார்ச் 19ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே நின்றது மீண்டும் வெஸ்ற் செஸ்ரர். ஒரு வாரத்துக்கு முன் முப்பத்திரண்டு புள்ளியால் வீழ்த்திய அதே அணி. ஒரு பக்கத்தில், இச்சுற்றுப்போட்டியையே உண்டாக்கிய கரோல் எக்மன். மறுபக்கத்தில், அவர் கல்லூரியிலேயே கற்று வெளிவந்த கேதி ரஷ். வீட்டு வாசலிலிருந்து பத்து மைலுள் வாழும் இரு கல்லூரிகள், நாட்டின் முதன்மைக்காக எழுநூறு மைல் பறந்துவந்து போரிட்டன. ஆட்டம் முடிந்தபோது இமாக்குலேற்றா 52, வெஸ்ற் செஸ்ரர் 48.

இவ்விரு ஆட்டங்களின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு ஒன்று புலனாகும். இமாக்குலேற்றா முன்னையினும் பதினான்கு புள்ளி மிகுதியாக எடுத்தது. ஆனால், வெஸ்ற் செஸ்ரர் எடுத்ததோ முன்னையினும் இருபத்திரண்டு புள்ளி குறைவு. ஆதலின், அவ்வெற்றி கூடையில் எறிந்தவரின் வெற்றி என்பதினும் தடுத்து நின்றவரின் வெற்றியே ஆகும். தோல்வியிலிருந்து பாடம் கற்க அவர்களுக்குக் கிடைத்தது ஒரே வாரம். அந்த ஒரு வாரம் போதுமானதாயிருந்தது. எக்மன் அம்மையாரின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இறுதியாட்டத்துக்குத் தம் அணியை அழைத்து வந்தவர். முதலாண்டிற் பெற்ற வெற்றியைத் தவிர, எஞ்சிய மூன்றும் தோல்வி. 1985ஆம் ஆண்டிலே அவர் மறைந்தார். பின்னர் மகளிர் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் சங்கம் அவர் பெயரால் ஒரு விருதை நிறுவியது. அது வெற்றிக்கு வழங்கும் விருதன்று. பயிற்றுநரின் பண்பு நலத்துக்கு வழங்குவது.

நோர்மல் நகர இறுதியாட்டம் முடிந்து மூன்று மாதம் கழித்து, 1972ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் ஒரு கல்விச் சட்டத்திலே கையொப்பமிட்டார். ஒன்பதாம் அத்தியாயம் என்று பெயர்பெற்ற அதன் பகுதி, அரசாங்கப் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையத்திலும் ஆண் பெண் என்ற காரணத்தால் எவரையும் விலக்கலாகாது என்று விதித்தது. அச்சட்டத்தை இயற்ற உழைத்தவர்களுள் அவாய் மாநிலத்துப் பற்சி மிங்க், ஒரேகன் மாநிலத்து ஈடித் கிரீன் என்னும் இரு பெண் உறுப்பினர் முதன்மையானவர். சட்டத்தை வரைந்தபோது பந்தாட்டத்தை நினைத்தோர் மிகச் சிலரே. ஆனால், அதன் விளைவு பந்தாட்டத்திலேயே மிகத் தெளிவாய்த் தெரிந்தது. இமாக்குலேற்றாவின் பருவம் இரண்டு கதவுகளுக்கு இடைப்பட்ட முற்றத்திலே நடந்ததாகக் கொள்ளலாம். பழைய விதிகளின் கதவு பின்னே மூடிவிட்டது. பணத்தின் கதவு முன்னே இன்னும் திறக்கவில்லை. அம்முற்றத்திலே சிறியவளும் பெரியவளும் ஏறக்குறைய ஒரே தரையில் நின்றனர்.

1973ஆம் ஆண்டிலே ஓர் ஆட்டமும் தோற்காமல் இமாக்குலேற்றா மீண்டும் வென்றது. 1974ஆம் ஆண்டிலும் வென்றது. 1975ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் மேரிலாந்து சர்வகலாசாலையோடு அது ஆடிய ஆட்டம் நாடெங்கும் தொலைக்காட்சியிலே காட்டப்பட்டது. கல்லூரி மகளிர் ஆட்டம் ஒன்றுக்கு அப்பேறு கிடைத்தது அப்போதுதான். அடுத்த மாதம் நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குவெயர் கார்டன் மண்டபத்திலே குயின்ஸ் கல்லூரியை 65க்கு 61 என வென்றபோது, பன்னீராயிரம் பேரளவில் கூடியிருந்தனர். நிலவறையில் ஒலித்த பந்து மூன்று ஆண்டுக்குள் நாட்டின் புகழ்மிக்க மண்டபத்திலே ஒலித்தது.

இதனிடையே முன்கதவும் திறந்தது. விளையாட்டுக்காகப் புலமைப்பரிசில் வழங்கலாகாது என்பது மகளிர் சங்கத்தின் தொடக்க விதி. ஆண்களின் விளையாட்டிலே பணம் விளைத்த கேடுகளைக் கண்டு அவர்கள் இட்ட வேலி அது. புளோரிடாவிலே ரெனிஸ் ஆடிய மாணவியர் சிலரும் அவர்தம் ஆசிரியையும், ஆடவர்க்குக் கிடைக்கும் உதவி மகளிர்க்கு ஏன் மறுக்கப்படுகிறது என்று வழக்குத் தொடுத்தனர். 1973ஆம் ஆண்டிலே சங்கம் அவ்விதியைக் கைவிட்டது. மாணவியரின் வாதத்திலே நியாயம் இருந்தது. சங்கத்தின் அச்சத்திலும் நியாயம் இருந்தது. அதன்பின் பெரிய சர்வகலாசாலைகள் சிறந்த ஆட்டக்காரிகளைத் தேடிச் செல்லத் தொடங்கின. இமாக்குலேற்றாவிடம் கொடுக்கப் பணம் இல்லை.

1975, 1976 ஆகிய ஈராண்டும் இறுதியாட்டத்திலே இமாக்குலேற்றாவைத் தோற்கடித்தது மிசிசிப்பியின் டெல்ரா ஸ்ரேற் அணி. பணம் படைத்தோர் ஏழையை வென்ற கதை என்று இதனைச் சுருக்கிவிடல் பிழையாகும். டெல்ரா ஸ்ரேற் அணியின் பயிற்றுநர் மார்கரெற் வேட், 1930களின் தொடக்கத்திலே அதே கல்லூரியில் ஆடியவர். இவ்வாட்டம் பெண்களுக்கு மிகக் கடுமையானது என்று கூறிக் கல்லூரி நிருவாகம் அன்று அணியையே கலைத்துவிட்டது. மாணவியர் தம் ஆட்ட உடைகளைத் தீயிட்டுத் தம் சினத்தைக் காட்டினர். நாற்பது ஆண்டு கழித்து, 1973ஆம் ஆண்டிலே அணி மீண்டும் அமைந்தபோது அதனை ஏற்று நடத்த அழைக்கப்பட்டவரும் அவரே. அவருடைய அணியின் தூண் லூசியா ஹரிஸ், மிசிசிப்பியின் நிலத்திலே பிறருக்கு உழுது வாழ்ந்த கறுப்பினக் குடும்பத்தின் மகள். 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கிலே மகளிர் கூடைப்பந்தாட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, முதற் புள்ளிகளைப் பெற்றவர் அவரே. இமாக்குலேற்றாவை வென்றவர்களும் நீண்ட காலம் காத்திருந்தவர்களே.

1977ஆம் ஆண்டிலே கேதி ரஷ் பதவியை விட்டார். ஏழு பருவங்களில் 149 வெற்றி, 15 தோல்வி. அவர் மாணவியர் பலர் பயிற்றுநராயினர். ரெனி மூத், ரெனி போர்ட்லன்ட் என்னும் மணப்பெயரோடு பென்சில்வேனியா மாநில சர்வகலாசாலை அணியை இருபத்தேழு ஆண்டு நடத்தினார். பாகுபாடு காட்டினார் என்று மாணவி ஒருவர் தொடுத்த வழக்கு 2007ஆம் ஆண்டிலே இணக்கத்துடன் முடிந்தபின் அவர் பதவி விலகினார். வாளிப் பறையின் கதையிலே இதுவும் ஓர் ஏடு. அதனை மறைத்தல் தகாது. 1972ஆம் ஆண்டுக்குப் பின் அணியிற் சேர்ந்த மரியான் குரோபோர்ட், மரியான் ஸ்ரான்லி என்ற பெயரிலே மூன்று முறை நாட்டின் கிண்ணத்தை வென்ற பயிற்றுநரானார். 1993ஆம் ஆண்டிலே தென் கலிபோர்ணிய சர்வகலாசாலையிலே, ஆண்கள் அணியின் பயிற்றுநருக்கு ஒப்பான ஊதியம் தமக்கும் வேண்டும் என்று கேட்டார். கிடைக்கவில்லை. வழக்காடினார், 1999ஆம் ஆண்டிலே முடிவாகத் தோற்றார். தம் ஆசிரியை ஒரு பருவத்துக்கு 450 டொலர் பெற்ற கல்லூரியிலிருந்து வந்தவர் அவர். தொகை ஏறிவிட்டது, கேள்வி மாறவில்லை.

சட்டம் வந்தபோது கல்லூரி மகளிர் அணிகளிலே பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றினர். பணமும் பதவியும் பெருகியபின் ஆடவர் அப்பதவிகளை நாடி வந்தனர். பெண் பயிற்றுநரின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிற்று. ஆடும் பெண்களின் தொகையோ பன்மடங்காகப் பெருகியது. இவ்விரண்டையும் ஒரே தராசிலிட்டு நிறுத்தல் எளிதன்று.

இமாக்குலேற்றா 2005ஆம் ஆண்டிலிருந்து ஆண்களையும் சேர்க்கத் தொடங்கிற்று. 2008ஆம் ஆண்டிலே கேதி ரஷ் அம்மையாரும், 2014ஆம் ஆண்டிலே 1972 முதல் 1974 வரையான அணியினர் அனைவரும், நெய்ஸ்மித்தின் பெயரால் ஸ்பிரிங்பீல்ட் நகரில் அமைந்த புகழ்மண்டபத்திலே இடம்பெற்றனர். பீச்சுக் கூடைகள் முதன்முதலாகத் தொங்கிய அதே நகரம்.

இன்னும் ஒரு நாளைக் குறிப்பிடல் வேண்டும். ஆடவர் ஆட்சியிலிருந்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், மகளிர்க்கும் தானே போட்டி நடத்த முற்பட்டது. பணபலத்தால் அதற்கு ஈடுகொடுக்க இயலாத கல்லூரி மகளிர் விளையாட்டுச் சங்கம் 1982ஆம் ஆண்டோடு கலைந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் 28ஆம் நாள் இரு இறுதியாட்டங்கள் ஒரே நாளில் நடைபெற்றன. வேர்ஜினியாவின் நோர்பொக் நகரிலே புதிய போட்டியின் முதல் இறுதியாட்டம். லூசியானா ரெக் அணியிடம் அங்கே தோற்றது செய்னி ஸ்ரேற். வெஸ்ற் செஸ்ரருக்கும் இமாக்குலேற்றாவுக்கும் அயலிலுள்ள, கறுப்பினத்தவர்க்கென எழுந்த, சிறிய பழங்கல்லூரி. பிலடெல்பியாவின் பலெஸ்திரா மண்டபத்திலே பழைய போட்டியின் கடைசி இறுதியாட்டம். ரட்கேர்ஸ் அணி ரெக்சாஸ் அணியை 83க்கு 77 என வென்றது. ரட்கேர்ஸ் அணியின் பயிற்றுநர் தெரேசா கிரென்ற்ஸ். பத்து ஆண்டுகளுக்கு முன், தெரேசா ஷாங்க் என்னும் பெயரோடு, நோர்மல் நகரிலே அப்போட்டியின் முதல் இறுதியாட்டத்தை ஆடி வென்றவர்.